நாந்த்திலிருந்து புர்கோஸ் வரை தனியாக சைக்கிளில்: மலையா, மணியா?

பிப்ரவரி 3, மாலை 6:10 (வாசகர் கேள்வி)

அண்ணா, போன கோடையில் பிரான்ஸின் நாந்த்திலிருந்து ஸ்பெயினின் புர்கோஸ் வரை தனியாக சைக்கிளில் போனதாக எழுதியிருந்தீர்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் இரண்டு நாட்டுக்கும் நடுவில் நிற்கும் பிரனீஸ் மலையை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. எனக்கு நாற்பது வயது, பெரிய பயிற்சி எதுவும் இல்லை. பாரம் ஏற்றிய சைக்கிளில் ஏற முடியுமா? பேசாமல் மலைக்கு இந்தப் பக்கம் பயோன் வரை மிதித்துவிட்டு, அங்கே ரயில் ஏறி அந்தப் பக்கம் பம்ப்லோனாவில் இறங்கிவிடலாமா? மலைதானே இந்தப் பாதையில் பெரிய விஷயம்?

பிப்ரவரி 3, இரவு 11:20

இல்லை தம்பி. மலை ஒரு நாள் வேலை. மற்ற எல்லா நாளும் உங்களை ஆட்டி வைக்கப்போவது கடிகாரம்.

பாதையைச் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸின் மேற்குக் கடலோரமாக ரோஸ்கோஃபிலிருந்து ஸ்பெயின் எல்லையில் இருக்கும் ஹென்டாய் வரை 1,200 கி.மீ.க்கு மேல் ஒரு சைக்கிள் பாதை வருகிறது. வெலோடிசே என்பார்கள். யூரோவெலோ 1 என்ற நெடும்பாதையின் பிரெஞ்சுத் துண்டு அது. நான் நாந்த்தில் சேர்ந்துகொண்டேன். பியாரிட்ஸ் வரும்வரை ஏறத்தாழ தட்டைதான். அதற்கப்புறம் எல்லையைத் தாண்டி, பிடாசோவா ஆற்றை ஒட்டி, பேலாத்தே கணவாய் வழியாக பம்ப்லோனா. கணவாயின் உயரம் 847 மீட்டர்தான். படங்களில் பார்க்கிற பனி மூடிய பிரனீஸ் இன்னும் கிழக்கே இருக்கிறது. நீங்கள் கடப்பது அதன் வால்.

முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் 34 பல் இருந்தால் நடக்கிற வேகத்தில் ஏறிவிடலாம். மூச்சு வாங்கினால் நிற்கலாம், மலை எங்கும் போய்விடாது. பேக்கரி போய்விடும்.

பிப்ரவரி 4, காலை 7:05

"பேக்கரி போய்விடும்" என்றதற்கு மூன்று பேர் சிரித்திருக்கிறீர்கள். சிரிக்கிறவர்கள் எல்லாம் பாரிசில் இருக்கிறீர்கள் போல.

பிரான்ஸின் சின்ன ஊர்களில் பன்னிரண்டரைக்குக் கடை மூடினால் மூன்று, சில இடங்களில் நான்கு மணிவரை திறக்காது. ஞாயிறு மதியத்துக்குமேல் ஒன்றும் கிடையாது. திங்கள்கிழமை பல பேக்கரிகளுக்கு வார விடுமுறை. உணவகங்களில் மதியம் இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். இரண்டே காலுக்குப் போய் நின்றால் காபி கிடைக்கும், சோறு கிடைக்காது. உங்கள் சராசரி வேகம் மணிக்கு 16 கி.மீ. என்றால், ஒரு பஞ்சர், ஒரு போட்டோ, வழிதவறிய ஒரு திருப்பம், அவ்வளவுதான், சாப்பாடு போச்சு.

மேற்குக் கடலோர வாந்தே மாவட்டத்தில் ஒரு ஊரில் 12:27க்குப் போய்ச் சேர்ந்தேன். பேக்கரி அம்மா கையில் ஷட்டர் இழுக்கும் கொக்கியோடு வாசலில் நிற்கிறார். என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், உள்ளே போய்க் கூடையில் மிச்சமிருந்த ஒரே பகெத்தை (நீள ரொட்டி) எடுத்து வந்தார். அடிப்பக்கம் கருகி, ஒரு முனை உடைந்தது. சில்லறையை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை, நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் ஷட்டர் பாதி இறங்கிவிட்டது. அந்தக் கருகிய பகெத்தும் ஒரு டப்பா கொண்டைக்கடலையும்தான் அன்றைய மதியம்.

பிப்ரவரி 4, இரவு 9:40

கடலும் கடிகாரம் பார்க்கிற பாதை இது. நுவார்மூத்தியே தீவுக்கு நிலத்திலிருந்து ஒரு சாலை போகிறது, பசாழ் து குவா என்று பெயர். நீளம் 4 கி.மீ. சொச்சம். தண்ணீர் வற்றும்போது மட்டும் வெளியே தெரியும். வற்றும் நேரத்துக்கு முன்னால் ஒன்றரை மணி, பின்னால் ஒன்றரை மணி, அவ்வளவுதான் அனுமதி. நுழைகிற இடத்தில் நேரப் பலகை வைத்திருப்பார்கள். வழியில் ஆங்காங்கே கம்பம் நட்டுப் பரண் கட்டியிருக்கிறார்கள், மாட்டிக்கொண்டால் ஏறி உட்காரலாம். கார்க்காரர்களும் மாட்டுகிறார்கள்.

பாசி வழுக்கும். 1999 டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் இங்கே ஒரு கூட்டமே சரிந்து விழுந்தது. அன்று ஸ்விஸ் வீரர் அலெக்ஸ் சூலே ஆறு நிமிடத்துக்குமேல் இழந்தார், கடைசியில் பந்தயத்தில் இரண்டாவது வந்தார். நான் பாதித் தூரம் இறங்கித் தள்ளினேன், அதில் ஒரு வெட்கமும் இல்லை. அக்கரை போனதும் செயினையும் பின் கியரையும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் விடுங்கள், உப்பு இரண்டே நாளில் காட்டிக்கொடுத்துவிடும்.

பிப்ரவரி 5, மதியம் 1:15

ஒரு நண்பர் திருத்தியிருக்கிறார்: பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் மதியம் மூடுவதில்லை, ஞாயிறு காலையும் பல திறந்திருக்கின்றன. சரிதான். ஆனால் அவை ஊருக்கு வெளியே, நான்கு ரவுண்டானா தாண்டி, கார் வைத்திருக்கிறவர்களுக்காகக் கட்டியவை. சைக்கிள் பாதை போவது உப்பளம், சதுப்பு நிலம், பைன் காடு, கடற்கரை வழியாக. இரண்டும் சந்திக்கிற இடம் குறைவு. லா ரொஷேல் போன்ற ஊரில் இந்தத் தொல்லை இல்லை. 1976-லேயே தெருவில் பொதுச் சைக்கிள் வைத்த ஊர் அது.

பிப்ரவரி 5, இரவு 10:30

லா ரொஷேல் என்றதும் அடுத்த ஊர் நினைவுக்கு வருகிறது, ரோஷ்ஃபோர். அங்கே ஷராந்த் ஆற்றைக் கடக்க 1900-இல் கட்டிய ஒரு பாலம் உண்டு. இரண்டு கரையிலும் இரும்புக் கோபுரங்கள், உச்சியில் குறுக்கே ஒரு சட்டம், அதிலிருந்து கம்பிகளில் தொங்கும் ஒரு மேடை. மேடையில் சைக்கிளோடு ஏறி நின்றால் அது அப்படியே நகர்ந்து அக்கரை சேர்க்கும். கீழே ஆறு சேற்று நிறத்தில் ஓடுகிறது, மேலே கப்பிகள் கிரீச் கிரீச் என்கின்றன, பலகைத் தரை லேசாக அதிர்கிறது. கார் கிடையாது, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். பிரான்ஸில் இந்த வகையில் மிச்சமிருப்பது இது ஒன்றுதான். இந்த வகையின் மூத்தது 1893-இல் ஸ்பெயினின் பில்பாவோ பக்கம் போர்துகலேத்தேயில் கட்டியது, இன்றும் காரையே ஏற்றிக்கொண்டு போகிறது. என் பாதை அந்தப் பக்கம் வளையவில்லை. உங்களுக்கு நேரம் இருந்தால் ஸ்பெயின் எல்லை ஊரான இருனிலிருந்து கடலோரமாகத் திரும்பிப் பாருங்கள், ஆனால் அந்தப் பக்கம் போனால் நீங்கள் பயப்படுகிற ஏற்றம் உண்மையாகவே வரும். பாஸ்க் கடற்கரையில் அரை கி.மீ. கூடத் தட்டை கிடையாது.

பிப்ரவரி 6, காலை 8:20

"தனியாகப் போக பயமில்லையா, போரடிக்காதா?"

எல்லோரும் இந்த இரண்டையும்தான் கேட்கிறீர்கள். சைக்கிளை யார் பார்த்துக்கொள்வது என்று ஒருவரும் கேட்கவில்லை, எனக்கு அதுதான் தினசரிப் பிரச்சினை.

இரண்டு பேர் போனால் ஒருவர் கடைக்குள், ஒருவர் வெளியே. தனியாள் என்றால் நான்கு பையையும் கூடாரத்தையும் தெருவில் விட்டுவிட்டுத்தான் ஒரு டப்பா தயிர் வாங்கப் போக வேண்டும். கழிப்பறைக்கும் அப்படித்தான். நான் செய்தது இது: பாஸ்போர்ட், பணம், போன் மூன்றும் ஹேண்டில்பார் பையில், அது தோளைவிட்டு இறங்காது. சைக்கிளைக் கனமான கியரில் போட்டு நிறுத்துவேன், எவனாவது ஏறி மிதித்தால் முதல் பத்தடி நகராது. ஹெல்மெட் வாரைச் சக்கரத்துக்குள் விட்டு மாட்டுவேன். கண்ணாடி முகப்பு உள்ள சின்னக் கடையாகப் பார்த்து, கண்ணாடியில் சாய்த்துவிட்டு, கல்லாவில் இருப்பவரிடம் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுச் சாமான் எடுப்பேன். அப்புறம் அவரே பார்த்துக்கொள்வார், பிரான்ஸில் வணக்கம் சொல்லாமல் கடைக்குள் நுழைந்தால்தான் தப்பு.

ஒன்றும் திருடு போகவில்லை. பையின் கொக்கிதான் ஒரு பள்ளத்தில் தெறித்து உடைந்தது. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். செருப்புத் தைக்கிற நூலால் கட்டி புர்கோஸ் வரை ஓட்டினேன்.

பிப்ரவரி 6, இரவு 11:50

போரடிக்குமா என்றால், தென்மேற்கு பிரான்ஸின் லாந்த் காட்டில் அடிக்கும். மறைக்க ஒன்றுமில்லை.

ருவாயானில் படகேறி ஜிரோந்த் முகத்துவாரத்தைக் கடக்கிறீர்கள் (கடல் பக்கம் கொர்துவான் கலங்கரை விளக்கம் தெரியும், 1611-இல் கட்டி முடித்தது, இன்னும் எரிகிறது). இறங்கியதும் பைன் மரம். மறுநாளும் பைன் மரம். அதற்கு மறுநாளும். ஒரே வயது, ஒரே உயரம், ஒரே இடைவெளி. ஒரு காலத்தில் இது முழுக்கச் சதுப்பு. ஆடு மேய்ப்பவர்கள் பொய்க்கால் கட்டிக்கொண்டு நடந்த நிலம். 1857-இல் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் சட்டம் போட்டுத் தண்ணீரை வடித்து மரம் நட வைத்தார்கள், இன்று சுமார் பத்து லட்சம் ஹெக்டேர். நட்டவர்கள் அளவுகோல் வைத்து நட்டிருக்கிறார்கள், தெரிகிறது.

பாதைக்கு அடியில் வேர் புடைத்துக்கொண்டு தார் எழும்பியிருக்கும், மணிக்கணக்காகப் பல் ஆடும். சில இடங்களில் ஒரே ஒரு சைக்கிள் போகிற அகலத்தில் சிமெண்ட் பாதை, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் போட்டது என்று அந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள். எதிரே ஆள் வந்தால் ஒருவர் மணலில் இறங்க வேண்டும்.

அர்காஷோனுக்குத் தெற்கே, பிலா மணல்மேட்டை ஒட்டி, 2022 ஜூலைத் தீயில் போன காடு. நூறு மீட்டருக்குமேல் உயர்ந்த மணல் ஒரு பக்கம், கரிக்கட்டையாக நின்ற மரங்களின் இடம் மறுபக்கம். அடுப்பு பற்ற வைக்கத் தடை, கோடையில் காட்டுப் பாதையையே மூடும் நாட்களும் உண்டு. அந்தப் பகுதியில் சமைக்கலாம் என்ற திட்டத்தோடு போகாதீர்கள்.

பிப்ரவரி 7, காலை 6:45

நேற்று காட்டைத் திட்டியது கொஞ்சம் அநியாயம். வாந்தே கடற்கரையில் தென்மேற்குக் காற்று முகத்தில் அறைந்து, சமதரையில் மணிக்கு 11 கி.மீ. போனவன் நான். தனியாள் என்றால் முன்னால் போய்க் காற்றை உடைக்க ஆள் கிடையாது, முழுச் சுமையும் உங்களுடையது. காட்டுக்குள் நுழைந்ததும் காற்று நின்றுவிட்டது. அன்று அந்தப் பைன் மரங்களைக் கும்பிட்டேன், இரண்டாம் நாள்தான் சலித்தது.

பிப்ரவரி 7, இரவு 9:15

இப்போது எல்லை. இங்கேதான் என் கடிகாரக் கட்சிக்கு முழு ஆதாரம்.

ஹென்டாய்க்கும் இருனுக்கும் நடுவில் பிடாசோவா ஆறு. ஆற்று நடுவில் ஒரு சின்னத் தீவு, ஃபெசன்ட் தீவு. பிப்ரவரி முதல் ஜூலை வரை ஸ்பெயினுக்கு, ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை பிரான்ஸுக்கு. 1659-இல் இரு நாடும் பிரனீஸ் உடன்படிக்கை செய்துகொண்ட இடம் அது. ஆள் இறங்க அனுமதி இல்லை, கரையிலிருந்து பார்த்தால் புல்லும் மரமும்தான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கைமாற அதில் என்ன இருக்கிறது என்று தோன்றும்.

பாலத்தைக் கடந்தால் கடிகாரம் அதே மணி, வயிறு மட்டும் இரண்டு மணி நேரம் தள்ளிப் போக வேண்டும். பிரான்ஸில் பன்னிரண்டுக்குச் சாப்பிட்டுப் பழகிய ஆள் இருனில் பன்னிரண்டுக்குப் போய் உட்கார்ந்தால் அடுப்பே பற்ற வைத்திருக்க மாட்டார்கள். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு. கடைகள் இரண்டிலிருந்து ஐந்து வரை மூடல். இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு. அங்கே இரவு கூடாரத்தில் தூங்குகிற நேரம் இங்கே சூப் வருகிற நேரம்.

முதல் சில நாள் இதை எதிர்த்துச் சண்டை போட்டேன். அப்புறம் விட்டுவிட்டேன். விடியலில் கிளம்பி ஒன்றரைக்குள் அன்றைய தூரத்தில் பெரும்பகுதியை முடித்துவிட்டு, அந்த நாள் மெனு என்று தருவதை உட்கார்ந்து சாப்பிட்டு, நிழலில் தூங்கி, ஆறு மணிக்குமேல் மீதியை ஓட்டினேன். ஜூனில் ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கிறது. பம்ப்லோனா இருக்கும் நவாரா மாகாணத்து வெயிலுக்கு இந்த முறைதான் சரி, ஊர்க்காரர்கள் சும்மா தூங்கவில்லை.

பிப்ரவரி 8, இரவு 10:05

சரி, மலை. நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள்.

இருனிலிருந்து பிடாசோவா பசும்பாதை. பழைய சிறு ரயில் தடத்தைச் சைக்கிள் பாதை ஆக்கியது, தோனெஸ்தெபே வரை சுமார் 40 கி.மீ. ஆறு கூடவே வரும், சரளைத் தரை, சில சுரங்கங்களில் விளக்கு கிடையாது, உங்கள் முன்விளக்கு வேலை செய்ய வேண்டும். ரயில் ஏறிய சரிவுதானே, தெரியவே தெரியாது. அதே பள்ளத்தாக்கில் என்-121-ஏ நெடுஞ்சாலை போகிறது, பிரான்ஸ் லாரி எல்லாம் அதில்தான், அந்தப் பக்கம் தலை வைக்காதீர்கள்.

ஏற்றம் அதற்கப்புறம். லாரிகள் சுரங்கம் வழியாகப் போய்விடுவதால் கணவாய்மேல் ஏறும் பழைய சாலை காலியாகக் கிடக்கிறது. பீச் மரக்காடு, ஈர மண் வாசனை, வளைவுக்கு வளைவு மஞ்சள் கம்பம். காலையிலிருந்து பொடித் தூறல். உச்சியில் ஒரு பலகை, போட்டோ எடுத்தேன், ஜாக்கெட் மாட்டினேன், மறுபக்கம் இறங்கினேன். இறங்க இறங்கப் பச்சை வெளுத்து, பம்ப்லோனா தாண்டிய மறுநாள் கோதுமை வயல் முழுக்கத் தங்க நிறம். மழை மேகத்தை எல்லாம் அந்தக் குட்டி மலை வடக்குப் பக்கமே பிழிந்துவிடுகிறது. ஏறியதில் எனக்கு நினைவில் நிற்பது இந்த நிற மாற்றம்தான், கால்வலி இல்லை.

பம்ப்லோனாவுக்கு ஜூலை 6 முதல் 14 வரை போகாதீர்கள், காளை ஓட்டத் திருவிழா. பார்க்க ஆசை என்றால் வேறு, ஆனால் தங்க இடம் கிடைக்காது.

பிப்ரவரி 9, காலை 7:30

சைவக்காரர்களுக்கு எச்சரிக்கை. ஸ்பெயினில் "வெகெதால்" என்று எழுதிய சாண்ட்விச்சில் சூரை மீன் இருக்கும். கலவை சாலட் கேட்டாலும் மேலே சூரை மீன். "மீன் வேண்டாம்" என்றேன், தலையாட்டிவிட்டுப் பன்றி இறைச்சித் துண்டு போட்டுக் கொண்டுவந்தார்கள். முட்டை சாப்பிட்டால் பிழைத்தீர்கள், உருளைக்கிழங்கு ஆம்லெட் எந்தக் கடையிலும் உண்டு. பிரான்ஸிலும் இதே கதைதான், கீஷ் (முட்டை ஊற்றிச் சுட்ட பண்டம்) என்றால் உள்ளே பன்றி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

சாந்தோ தொமிங்கோ தெ லா கல்சாதாவில் தேவாலயத்துக்கு உள்ளேயே கூண்டு கட்டி உயிருள்ள சேவலும் கோழியும் வைத்திருக்கிறார்கள், வறுத்த கோழி தட்டிலிருந்து எழுந்து கூவிய ஒரு பழங்கதைக்காக. ஸ்பெயினில் சாப்பாட்டு மேஜைக்குப் போகாது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய இரண்டு கோழிகள்.

பிப்ரவரி 9, மதியம் 12:40

தண்ணீர்: பிரான்ஸில் கல்லறைத் தோட்டம். ஊருக்கு ஊர் ஒன்று, வாசலருகே குழாய், பூச்செடிக்கு ஊற்ற. குடிக்க ஆகாது என்று பலகை இருக்கிறதா பாருங்கள். ஸ்பெயினில் ஊர் நடுவே நீரூற்று. எஸ்தேயாவுக்குப் பக்கத்தில் இராச்சேயில் ஒரு மது ஆலை சுவரில் இரண்டு குழாய் வைத்திருக்கிறது, ஒன்றில் தண்ணீர், ஒன்றில் ஒயின், அந்த வழியாக சாந்தியாகோ தேவாலயத்துக்குப் போகும் யாத்ரீகர்களுக்கு இலவசம். காலை ஒன்பது மணிக்கு பாட்டிலில் எதைப் பிடித்தேன் என்று கேட்காதீர்கள்.

பிப்ரவரி 9, இரவு 11:10

ஒரு வாசகி கேட்டிருந்தார்: பெண் தனியாகப் போகலாமா? நான் ஆண், என் அனுபவத்தை வைத்துத் தைரியம் சொல்வது சரியில்லை. பார்த்ததைச் சொல்கிறேன். வெலோடிசேயில் தனியாக வந்த பெண்கள் நிறைய, அதில் பாதிப் பேர் அறுபது தாண்டிய ஜெர்மன், டச்சு அம்மாக்கள், என்னை மணி அடித்து ஓரங்கட்டிவிட்டுப் போனார்கள். நகராட்சி நடத்தும் கூடார முகாம்களில் காவலாள் இருக்கும் இடமாகப் பார்த்துத் தங்குவதாக ஒருவர் சொன்னார். ஸ்பெயின் பக்கம் யாத்ரீகர் பாதையில் எப்போதும் ஆள் நடமாட்டம். யாத்ரீகர் விடுதியில் நடந்து வருபவர்களுக்குத்தான் முதல் இடம், சைக்கிள்காரர் மாலைவரை காத்திருக்க வேண்டிவரும்.

பிப்ரவரி 10, காலை 8:00

சாலை விஷயம் விட்டுப்போனது. ஸ்பெயினில் ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம். பிரான்ஸில் 12 வயதுக்குக் கீழேதான் கட்டாயம், ஆனால் இருட்டில் ஊருக்கு வெளியே மஞ்சள் அங்கி போட வேண்டும். முந்துகிற கார் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்று இரண்டு நாட்டிலும் சட்டம் (பிரான்ஸில் ஊருக்குள் ஒரு மீட்டர்). ஸ்பெயின் ஓட்டுநர்கள் நிஜமாகவே தள்ளிப் போனார்கள், எனக்கு ஆச்சரியம்.

பம்ப்லோனாவிலிருந்து லோக்ரோஞோ வரை ஏ-12 விரைவுச்சாலை வந்த பிறகு பழைய சாலை அநாதையாகிவிட்டது. அகலமான தார், நல்ல ஓரம், கால் மணிக்கு ஒரு டிராக்டர். பாரம் ஏற்றிய சைக்கிளோடு யாத்ரீகர்களின் மண் பாதையில் போய்க் கல்லோடு மல்லுக்கட்டாதீர்கள், இந்தச் சாலையில் போங்கள். லோக்ரோஞோ தாண்டியபிறகு இதே நம்பிக்கை வேண்டாம். நான் போனபோது சாந்தோ தொமிங்கோவுக்கு அப்புறம் லாரி எல்லாம் பழைய என்-120-இல்தான். பெத்ராஹா கணவாய் 1,150 மீட்டர், பேலாத்தேயைவிட உயரம். யாரும் அதைப் பற்றிப் பயப்படுத்தாததால் நானும் பயப்படாமல் ஏறினேன்.

பிப்ரவரி 10, இரவு 10:25

கடைசியாக உங்கள் ரயில் கேள்வி. பயோனிலிருந்து பம்ப்லோனாவுக்கு நேர் ரயில் கிடையாது. இரண்டு நாட்டுத் தண்டவாள அகலமும் வேறு, பிரான்ஸில் 1,435 மி.மீ., ஸ்பெயினில் 1,668. எல்லையில் இறங்கித்தான் ஆக வேண்டும். திரும்பும்போதும் அதே கதை. ஸ்பெயினின் அதிவேக ரயில்கள் பெரும்பாலும் முழு சைக்கிளை ஏற்றாது, கழற்றிப் பையில் போட வேண்டும். புர்கோஸில் ஒரு பேருந்து ஓட்டுநர் அட்டைப்பெட்டி இல்லை என்று என்னை இறக்கிவிட்டார், அவர்கள் இணையதளத்தில் அப்படி ஒரு வரி இல்லை. கடைசியில் பிராந்திய ரயில்களில் மாறி மாறி இருனுக்கு வந்தேன். அதில் இரண்டு மூன்று சைக்கிளுக்குத்தான் இடம், டிக்கெட் எடுக்கும்போதே சைக்கிளையும் சேர்த்துப் பதியுங்கள். இருன் நிலையத்திலிருந்து ஹென்டாய் நிலையம் இரண்டு கி.மீ. சொச்சம், அதை மிதித்துப் போய் பிரெஞ்சு உள்ளூர் ரயிலில் ஏறினால் சைக்கிளை அப்படியே மாட்ட கொக்கி இருக்கும். செப்டம்பரில் போகப்போகிறீர்கள் என்றால் முதல் பாதியிலேயே கிளம்புங்கள், நகராட்சி முகாம்கள் பல மாத நடுவில் மூடிவிடும்.